ஆய்வுகூடக் கதவு நம் பிள்ளைகளுக்கும் திறக்க வேண்டும்

(நமது சங்கத்தின் கல்விப் பிரிவு ஒழுங்கு செய்த பெற்றோர், மாணவர் கருத்தரங்கில், தோட்டக் குடும்பமொன்றில் பிறந்து இன்று அரசாங்க வைத்தியசாலையில் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராகக் கடமையாற்றும் சகோதரி ஒருவர் ஆற்றிய உரை.)



இந்த மண்டபத்தில் இரத்தம் கொடுத்துப் பரிசோதிக்காதவர்கள் யாரும் இருக்க மாட்டீர்கள். பிள்ளை வயிற்றில் இருந்தபோது கிளினிக்கில் எடுத்திருப்பார்கள். காய்ச்சல் மூன்று நாளாகியும் விடவில்லை என்றால் எடுத்திருப்பார்கள். சீனி வருத்தத்துக்கு மாதாமாதம் எடுக்கிறார்கள். ஊசி குத்தியவரைப் பார்த்திருக்கிறீர்கள், துண்டை வாசித்து மருந்து எழுதிய டாக்டரையும் பார்த்திருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் அந்த இரத்தத்தை வைத்துக்கொண்டு வேலை செய்தவரை அநேகமாக யாரும் பார்த்ததில்லை. அவரைப் பற்றியும், அவராக வருவதற்கு ஒரு பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்பதைப் பற்றியும் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள்.

நமது பிள்ளைகளிடம் என்னவாக வர ஆசை என்று கேட்டால் டீச்சர் என்பார்கள், டாக்டர் என்பார்கள், நர்ஸ் என்பார்கள். ஆய்வுகூடம் என்று சொல்லும் பிள்ளையை நான் அபூர்வமாகத்தான் காண்கிறேன். அதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல. அப்படி ஒரு தொழில் இருப்பதும், அதற்கு எந்த வழியால் போவது என்பதும் லயத்துக்கு வந்து சேரவில்லை.

தோட்டத்துக்கு வந்த நுணுக்குக்காட்டி

ஆனால் ஆய்வுகூடத்துக்கும் நமக்கும் தொடர்பு புதியது அல்ல. 1916ஆம் ஆண்டு முதல் ரொக்கபெல்லர் மன்றத்தின் ஆட்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை செய்தார்கள். வெறுங்காலோடு மண்ணில் நின்று வேலை செய்த நமது பாட்டன், பூட்டன்மாருடைய கால் தோல் வழியாகப் புழுவின் குடம்பி உள்ளே போனது. குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தைக் குடித்தது. ஆள் வெளிறினான், மூச்சு வாங்கினான், மலை ஏற முடியவில்லை. துரைமார் அதைச் சோம்பல் என்றார்கள். மலத்தை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது புழுவின் முட்டை தெரிந்தது. சோம்பல் என்று சொல்லப்பட்டது நோய் என்று நிரூபித்தது அந்தக் கண்ணாடித் துண்டுதான். தோட்டங்களுக்கு உழைப்பாளிகளின் உடல்தான் தேவைப்பட்டது, அதனால்தான் அந்த வேலைக்கு இடம் கொடுத்தார்கள் என்பதையும் நாம் மறக்கத் தேவையில்லை.

1934, 35 ஆண்டுகளில் இந்த நாட்டை மலேரியா வாரிக்கொண்டு போனது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று சான்றளித்தது. அதற்குப் பின்னால் விரல் நுனியில் எடுத்த இரத்தத் துளிகளைக் கண்ணாடியில் பூசி, சாயமிட்டு, வருடக்கணக்கில் குனிந்து பார்த்தவர்களின் உழைப்பும் இருக்கிறது. அவர்களுடைய பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை.

என்ன படிக்க வேண்டும்?

படிப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று இனிச் சொல்கிறேன். பட்டப்படிப்பானாலும் டிப்ளோமாவானாலும் பாடங்களின் அடித்தளம் ஒன்றுதான்.

முதலாவது குருதியியல். செங்குழியம், வெண்குழியம், குருதிச் சிறுதட்டு ஆகியவற்றை எண்ணவும், உருவம் பார்த்து அடையாளம் காணவும் பழக வேண்டும். இப்போது இயந்திரம் எண்ணுகிறது. ஆனாலும் பயிலுநர் கையால் எண்ணக் கற்றுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இயந்திரம் தவறும்போது கண்டுபிடிக்க வேண்டியவர் அவர்தான். டெங்குக் காய்ச்சலில் சிறுதட்டு எவ்வளவு குறைந்திருக்கிறது, இரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது என்ற இரண்டையும் டாக்டர் மணிக்கணக்குப் பார்த்துக் காத்திருப்பார். சிறுதட்டு சாதாரணமாக ஒரு மைக்ரோலீற்றருக்கு 150,000 முதல் 450,000 வரை இருக்கும்.

ஈமோகுளோபினும் இந்தப் பாடத்தில்தான் வருகிறது. கர்ப்பிணி அல்லாத ஒரு பெண்ணுக்கு அது டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. கொழுந்து எடுக்கும் சகோதரிகளே, இதை நன்றாகக் கேளுங்கள். உயரமான இடத்தில் காற்றில் ஒட்சிசன் ஐதாக இருப்பதால் உடம்பு தானாகவே ஈமோகுளோபினைக் கூட்டிக்கொள்கிறது. அதனால் மலைநாட்டில் வாழ்பவரின் அளவை மதிப்பிடும்போது இடத்தின் உயரத்தையும் கணக்கில் எடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பில் 12 என்பதும் அங்கே 12 என்பதும் ஒன்றல்ல. துண்டில் இலக்கம் சரியாக இருந்தும் தலைசுற்றும் ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதை மலையில் பிறந்த ஒருவர் சீக்கிரம் புரிந்துகொள்வார்.

இரண்டாவது உயிர் இரசாயனவியல். சீனி, கொழுப்பு, ஈரல், சிறுநீரகம் பற்றிய பரிசோதனைகள் எல்லாம் இதில் அடங்கும். இங்கே முதலில் படிப்பது இயந்திரத்தை அல்ல, இரத்தம் எடுக்கும் குழாயை. குழாய்களின் மூடி பல நிறத்தில் இருப்பது அழகுக்காக அல்ல, உள்ளே வேறு வேறு மருந்து இருப்பதால்தான். சீனி பார்க்கும் குழாயில் புளோரைட்டு இருக்கும். அது இல்லாமல் இரத்தத்தை அப்படியே வைத்தால், குழாய்க்குள்ளேயே குழியங்கள் சீனியைத் தின்றுவிடும். மணிக்கு 5 முதல் 7 வீதம் வரை குறையும். தோட்டத்திலிருந்து வளைந்து வளைந்து இறங்கி மூன்று மணி நேரம் கழித்து ஆய்வுகூடத்துக்கு வரும் இரத்தத்தை நினைத்துப் பாருங்கள். வருத்தம் உள்ளவருக்கு வருத்தம் இல்லை என்று துண்டு வரலாம். அதேபோல ஈ.டி.டி.ஏ. என்ற மருந்துள்ள குழாயின் இரத்தத்தை வேறு குழாயில் ஊற்றினால் பொற்றாசியம் பொய்யாக ஏறும், கல்சியம் பொய்யாக இறங்கும்.

மூன்றாவது நுண்ணுயிரியல், அதோடு ஒட்டுண்ணியியல். பற்றீரியாவை வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்ப்பது இதில் வருகிறது. 1884இல் கிராம் என்ற டென்மார்க் வைத்தியர் கண்டுபிடித்த சாயமிடும் முறையை இன்றும் முதல் வருடத்திலேயே பழக்குகிறார்கள். ஊதா, அயடின், அற்ககோல், சிவப்பு என்று வரிசைப்படி செய்தால் ஒரு வகைப் பற்றீரியா ஊதாவாக நிற்கும், மற்ற வகை இளஞ்சிவப்பாகும். அற்ககோலைக் கொஞ்சம் கூடுதல் நேரம் விட்டால் முடிவே மாறிவிடும். காசநோய்க் கிருமியை 1882 மார்ச் 24இல் ரொபேட் கொக் உலகுக்கு அறிவித்தார். சளியில் அதைத் தேடுவதற்கு வேறு சாயம் இருக்கிறது. நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் கோடுகளாகத் தெரியும். ஒரு லயக் காம்பறாவில் ஆறேழு பேர் படுத்தெழும்பும் நமக்கு, அந்தக் கோட்டை ஒருவர் நேரத்துக்குக் காண்பது எவ்வளவு பெரிய விசயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நான்காவது குருதி மாற்றீட்டியல், அதாவது இரத்த வங்கி வேலை. இரத்த வகைகளைக் கண்டுபிடித்தவர் கார்ல் லான்ட்ஸ்ரைனர். அவர் பிறந்த ஜூன் 14தான் உலக இரத்ததானிகள் தினம். ஓ வகைக்காரருக்கு ஏ வகை இரத்தம் ஏற்றினால் உயிர் போகலாம். வகை பார்ப்பது பத்து நிமிடத்தில் பழகிவிடும். ஆனால் குழாயில் ஒட்டிய பெயரும், துண்டிலுள்ள பெயரும், கட்டிலில் படுத்திருப்பவரும் ஒரே ஆள்தானா என்று ஒவ்வொரு தடவையும் சலிக்காமல் பார்க்கும் பழக்கம்தான் உண்மையான படிப்பு. நம் தோட்டங்களில் ஒரே பெயரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

ஐந்தாவது இழைய நோயியல். சத்திரசிகிச்சையில் எடுத்த சதைத் துண்டை மெழுகில் பதித்து, காகிதத்தை விட மெல்லியதாகச் சீவி, சாயமிட்டு நோயியல் வைத்தியருக்குக் கொடுப்பது. புற்றுநோயா இல்லையா என்பதை அவர் சொல்வார். அவர் பார்க்கும் கண்ணாடியைத் தயாரிப்பது நமது கை.

இவற்றோடு உடலமைப்பு, உடற்றொழிலியல், நோயெதிர்ப்பியல், ஆய்வுகூடப் பாதுகாப்பு, ஒழுக்கநெறி ஆகியவையும் உண்டு. ஊசியை மறுபடி மூடாதே, கையுறை போடாமல் தொடாதே, ஈரல் அழற்சி பி தடுப்பூசி போட்டுக்கொள் என்பவை பாதுகாப்புப் பாடம். ஒருவருடைய பரிசோதனை முடிவை அவருடைய அயல் வீட்டாரிடம் சொல்லாதே என்பது ஒழுக்கநெறிப் பாடம். நம்முடைய லயங்களில் இரண்டாவது பாடம் முதலாவதை விடக் கடினமானது என்று தோன்றுகிறது!

தராசும் ஆய்வுகூடமும்

இன்னொரு பாடம் தரக் கட்டுப்பாடு. இதை உங்களுக்கு நான் சுலபமாக விளங்கப்படுத்தலாம். கொழுந்து மடுவத்தில் தராசு சரியில்லை என்று இந்தச் சங்கம் எத்தனை தடவை போராடியிருக்கிறது! தராசு சரியா என்று பார்க்க என்ன செய்வீர்கள்? நிறை தெரிந்த படிக்கல் ஒன்றை வைத்துப் பார்ப்பீர்கள். ஐந்து கிலோ கல்லை வைத்தால் ஐந்து காட்ட வேண்டும். ஆய்வுகூடத்திலும் இதுதான் நடக்கிறது. அளவு முன்பே தெரிந்த ஒரு திரவத்தை ஒவ்வொரு நாளும் காலையில் இயந்திரத்துக்குக் கொடுப்போம். வரும் இலக்கத்தை ஒரு வரைபடத்தில் குறிப்போம். சராசரியிலிருந்து இரண்டு நியம விலகலுக்கு வெளியே போனால், ஏன் என்று கண்டுபிடிக்கும்வரை நோயாளிகளின் முடிவை வெளியே விட மாட்டோம். தொழிலாளியின் கிலோவைக் களவாடும் தராசும் நோயாளிக்குப் பொய் சொல்லும் இயந்திரமும் ஒரே மாதிரித்தான். இரண்டிலும் பாதிக்கப்படுபவர் இலக்கத்தைச் சரிபார்க்க வசதியில்லாத ஏழை.

கணக்கும் ஆங்கிலமும்

தம்பி தங்கைகளே, இந்தப் படிப்பில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இரண்டு. முதலாவது கணக்கு. பயப்படும்படியான கணக்கு அல்ல, விகிதமும் பெருக்கல் வகுத்தலும்தான். ஓர் உதாரணம். வெண்குழியம் எண்ணுவதற்கு இரத்தத்தை 20 மடங்கு ஐதாக்குகிறோம். எண்ணும் தட்டில் ஒவ்வொன்றும் ஒரு சதுர மில்லிமீற்றர் கொண்ட நான்கு சதுரங்கள், ஆழம் 0.1 மில்லிமீற்றர். ஆகவே நாம் பார்க்கும் கனவளவு 0.4 மைக்ரோலீற்றர். 140 குழியம் எண்ணினால், 140ஐ 20ஆல் பெருக்கி 0.4ஆல் வகுக்க 7,000. இவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் கணித ஆசிரியர் இல்லாமல் போன பிள்ளைக்கு இது மலை. அதனால்தான் பெற்றோரிடம் சொல்கிறேன், பிள்ளை கணக்கில் பின்தங்கினால் பதினோராம் வகுப்பு வரை காத்திருக்காதீர்கள்.

இரண்டாவது ஆங்கிலம். உயர்தரம் வரை தமிழில் படிக்கலாம். பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. முதல் ஆறு மாதம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கும். செங்குழியம் என்பதைத் தெரிந்து வைத்திருப்பவருக்கு அதன் ஆங்கிலப் பெயரைக் கற்பது ஒரு நாள் வேலை. விளங்கிப் படித்திருந்தால் மொழி பின்னால் வரும், பாடமாக்கி எழுதி வந்தவர்களுக்குத்தான் இரட்டைக் கஷ்டம். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை கிடைக்கும் மாதங்களை ஆங்கிலத்துக்குக் கொடுங்கள்.

எந்த வழியால் போவது?

முதல் வழி பல்கலைக்கழகம். பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுணு, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டப்படிப்பு இருக்கிறது. நான்கு வருடம். உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் படித்திருக்க வேண்டும். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றையும் எடுப்பதுதான் பாதுகாப்பான தெரிவு. பௌதிகவியல் கஷ்டம் என்று விவசாய விஞ்ஞானத்துக்கு மாற நினைத்தால், மாறுவதற்கு முன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வாசியுங்கள். எந்தப் பாடத்துக்கு எந்தக் கதவு மூடும் என்று அதில் இருக்கிறது. தமிழிலும் வருகிறது.

நமக்குச் சாதகமான ஒரு விடயத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். விஞ்ஞானப் பிரிவு அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மீதி 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தக் குறைந்த வசதி மாவட்டங்களில் அடங்குகின்றன. ஆனால் உயர்தர விஞ்ஞானம் படித்து விண்ணப்பித்தால்தான் இந்த ஒதுக்கீட்டால் நமது பிள்ளைக்குப் பயன். விண்ணப்பிக்க ஆள் இல்லாவிட்டால் இடம் வேறு வீட்டுக்குப் போகும். செலவுக்கு மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது, பல்கலைக்கழக உதவிப்பணமும் இருக்கிறது. குடும்ப வருமானம் பார்த்துக் கொடுப்பதால் சம்பளத் துண்டுகளைக் கிழித்தெறியாமல் வைத்திருங்கள்.

இரண்டாவது வழி சுகாதார அமைச்சின் டிப்ளோமாப் பயிற்சி. கொழும்பில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தோடு சேர்ந்த பயிற்சிப் பாடசாலையில் நடக்கிறது. இதற்கும் உயர்தர விஞ்ஞானம் தேவை. ஆட்சேர்ப்பு அறிவித்தல் அரச வர்த்தமானியில் வரும், வருடத்துக்கு ஒரு தடவை என்று எதிர்பார்த்து இருக்க முடியாது, முடிவுத் திகதி போய்விட்டால் அடுத்த அறிவித்தல் வரை காத்திருக்க வேண்டியதுதான். நமது பிள்ளைகள் பலர் இந்த வாய்ப்பை இழப்பது புள்ளிக் குறைவால் அல்ல, அறிவித்தலைக் காணாததால்.

பணம் கட்டுமுன் கேளுங்கள்

இப்போது சொல்லப் போவதைத் தாய்மார் கவனமாகக் கேட்க வேண்டும். பட்டணத்தில் சந்திக்குச் சந்தி பலகை தொங்குகிறது. ஆறு மாதத்தில் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், வெளிநாட்டில் வேலை, சாதாரண தரம் போதும் என்று எழுதியிருக்கிறது. ஓய்வு பெற்று எடுத்த சேமலாப நிதியை அதில் கட்டியவர்கள் இருக்கிறார்கள். தோட்டையும் மாலையையும் அடகு வைத்துக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். எல்லா நிறுவனமும் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆய்வுகூட உதவியாளராகவோ இரத்தம் எடுப்பவராகவோ வேலை செய்யப் பழக்கும் நல்ல பாடநெறிகளும் உண்டு. அது ஒரு கௌரவமான வேலைதான். ஆனால் அந்தச் சான்றிதழ் ஒருவரைத் தொழில்நுட்பவியலாளர் ஆக்காது. இலங்கையில் அந்தத் தொழிலைச் செய்ய இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற வேண்டும்.

ஆகவே பணம் கட்டுமுன் நான்கு கேள்வி கேளுங்கள். இந்தப் படிப்பை முடித்தால் மருத்துவ சபையில் பதிய முடியுமா? முடியாது என்றால் என்ன பதவிப் பெயரில் வேலை கிடைக்கும்? நிறுவனமும் பாடநெறியும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டதா, சான்றிதழ் தேசிய தொழிற்தகைமையின் எத்தனையாம் மட்டம்? பயிற்சி எந்த ஆய்வுகூடத்தில், எத்தனை மணி நேரம்? பதிலை வாயால் கேட்டுக்கொண்டு வராதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். எழுதித்தர மறுத்தால் அதுவே பதில். தோட்ட நிர்வாகத்தோடு பேசும்போது வாய்ச் சொல்லை நம்ப வேண்டாம் என்று நமக்குச் சங்கம்தானே பழக்கியது!

சங்கம் செய்யக்கூடியது

சங்கத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். ஒன்று, தமிழ் மொழியில் உயர்தர உயிரியல் பிரிவு நடக்கும் பாடசாலைகள் எவை, அவற்றில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று மாவட்டக் காரியாலயங்கள் பட்டியல் எடுக்க வேண்டும். விஞ்ஞான ஆசிரியர் கேட்டு வலயக் கல்விக் காரியாலயத்துக்குப் போவதும் சம்பளம் கேட்டுப் போவதைப் போன்ற தொழிற்சங்க வேலைதான். இரண்டு, வர்த்தமானி அறிவித்தல்களை வாரம் தவறாமல் பார்த்து, நமக்குரியவற்றைத் தமிழில் எழுதி, கொழுந்து மடுவத்திலும் கோயில் சுவரிலும் ஒட்ட வேண்டும். மூன்று, பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை வருடத்தில் ஒரு நாளாவது அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையின் ஆய்வுகூடத்துக்கு அனுமதி பெற்று அழைத்துப் போக வேண்டும். நுணுக்குக்காட்டிக்குள் தன் கண்ணால் ஒரு தடவை பார்த்த பிள்ளைக்கு யாரும் பிரசங்கம் செய்யத் தேவையில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. உயர்தரத்துக்குத் தூரப் பாடசாலைக்கு அனுப்பப் பயப்படுகிறோம். பயம் நியாயமானது. அதற்குத் தீர்வு பிள்ளையை நிறுத்துவது அல்ல. ஒரே வழியில் போகும் பிள்ளைகளைச் சேர்த்து அனுப்பலாம், தெரிந்த குடும்பத்தில் தங்க வைக்கலாம், விடுதி கேட்டுப் போராடலாம். அக்கா கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போனால்தான் தம்பி படிக்கலாம் என்ற கணக்கை மட்டும் தயவுசெய்து இனிப் போடாதீர்கள்.

தோட்டத்து மருந்துச்சாலைக்கு வெளியே வரிசையில் நின்ற பரம்பரை நாம். அந்த வரிசையில் நிற்பவர்களின் தலைசுற்றலும் இருமலும் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த ஒருவர் ஆய்வுகூடத்துக்குள் இருந்தால், அவர் அந்தக் குழாயைத் தூக்கும் விதமே வேறாக இருக்கும். அப்படிப்பட்டவர்கள் இந்த மண்டபத்தின் பின்வரிசையில் இப்போது உட்கார்ந்திருக்கிறார்கள். பெற்றோரே, அவர்களுடைய சாதாரண தரப் பெறுபேறு வந்த அன்றே என்னிடமோ உங்கள் தோட்டக் கமிட்டித் தலைவரிடமோ வாருங்கள். பாடம் தெரிவு செய்வதற்கு முன் வாருங்கள். பிறகு வந்தால் நாங்கள் ஆறுதல் மட்டும்தான் சொல்ல முடியும்.